பெல்ட் இழுக்க ஓர் ஆள்

போன வாரம் கூடத்து மின்விசிறி சுற்றாமல் முனகிக்கொண்டே நின்றது. குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டேன், ஓட ஆரம்பித்தது. அதற்குள் மோட்டாரின் காயில் கம்பி சூடேறிய வாசனை வந்துவிட்டது. அந்த வாசனையோடு எங்கள் பழைய ஓசூர் வீட்டுக் கொட்டகையும் கடைசல் மிஷினும் ஞாபகத்துக்கு வந்தன.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தால், கட்டில் கால், தொட்டில் கட்டை, களி கிண்டும் கோல் என்று கொட்டகையில் ஏதாவது கடைந்துகொண்டிருப்பேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாமரம்தான் அதிகம் வரும். கழித்துப் போட்ட இரும்புச் சட்டத்தையும் பழைய மோட்டாரையும் சேர்த்து நானே கட்டிய மிஷின் அது. மோட்டாருக்கு ஒரு கெட்ட பழக்கம். சுவிட்சைப் போட்டால் முனகும், சுற்றாது. யாராவது பெல்ட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட வேண்டும். சுவிட்சோ எதிர்ச் சுவரில். ஆக, மிஷின் ஓட இரண்டு பேர் வேண்டும்.

"பெல்ட்டு!" என்று குரல் கொடுப்பேன். அடுப்படியிலிருந்து "பந்தே, பந்தே" என்று என் மனைவி வருவாள். கர்நாடக எல்லையோரத் தளி ஊர்ப் பெண், பிறந்த வீட்டில் கன்னடம்; வந்தேன் என்பதுதான் பந்தே. அவசரத்துக்கு அதுதான் வாயில் வரும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே இழுப்பு.

கண்டன்சரை மாற்றினால் மோட்டார் தானாகச் சுற்றுமே, ஃபிட்டருக்கு அதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் இரண்டே அறையில் எட்டுப் பேர் இருந்த வீடு அது. அம்மா, அண்ணன் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் நின்று பேசினால் மரியாதை இல்லை. மிஷின் சத்தத்தில் நாங்கள் பேசுவது வெளியே கேட்காது. ஒரு கட்டை கடைந்து முடிக்கப் பத்து நிமிஷம், அதுவரை அவள் பக்கத்தில் நிற்பாள். அதுதான் எங்கள் குடித்தனம்.

"ஏங்க, சந்தைல எங்க ஊருக்காரங்களப் பாத்தேன்" என்று கத்துவாள். ரகசியத்தைக் கத்திக் கத்திப் பேசிய தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். உண்டாகியிருப்பதைக்கூட அங்கேதான் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பாவம், மூன்று முறை கத்தினாள்.

இதைக் கெடுத்தது அண்ணனின் நல்ல மனசு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், கொட்டகையில் புது மிஷின் நிற்கிறது. பழையது காயலான் கடைக்குப் போய்விட்டது.

"புள்ளத்தாச்சிடா. தெனம் பெல்ட்ட இழுத்துக்கினு கெடக்குது, பாவம். இது பட்டனத் தட்டுனா தானா ஓடும்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். காரணத்தை எப்படிச் சொல்வது? "சரிண்ணா" என்றேன். கதவோரம் நின்ற என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

பூஜை முடிந்த மறுநாள் பட்டனைத் தட்டினேன். சத்தமே இல்லாமல் ஓடியது, பாவி மிஷின். மனசு கேட்காமல் "பெல்ட்டு!" என்று கூப்பிட்டுவிட்டேன். "பந்தே" என்று பதில் வந்தது. கூடவே அம்மாவின் குரலும் வந்தது.

"அதான் தானா ஓடுதில்ல, அவள எதுக்குடா கூப்புடற?"

காலடிச் சத்தம் பாதியில் நின்றது. எனக்கு அழுகை வந்தது என்றால் சிரிக்காதீர்கள்.

இன்று அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. பிள்ளைகள் பெங்களூரில். இத்தனை பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். விடிந்தது முதல் பேசிக்கொண்டே இருக்கலாம், தடுக்க ஆளில்லை. "சாப்பிட்டாச்சா?" என்கிறாள். "ம்" என்கிறேன். அன்றெல்லாம் காலையிலிருந்து ஒன்று விடாமல் சேர்த்துவைத்துக்கொண்டு, பெல்ட் இழுக்க ஈரக் கையோடு ஓடி வருவாளே, அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.