இரண்டாவது கால்

மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகுதான் சங்கிலிமுத்து விசையைத் தட்டுகிறார். பெட்டிக் கேமரா வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. முழங்கால் வரை தண்ணீர். பக்கத்தில் ஓர் எருமை. அதன் மறைவில்தான் கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அது இரண்டடி வைத்தால் இவரும் இரண்டடி, நின்றால் நிற்கிறார். கொக்குகள் எருமைக்குப் பயப்படுவதில்லை.

"அசையாதீக" என்று அவர் படமெடுப்பதைப் பார்க்க வந்து கரையிலிருக்கும் எனக்குக் கை காட்டுகிறார். கொக்கிடமும் அதையேதான் சொல்கிறார், கொஞ்சம் செல்லமாக: "அசையாத தாயீ."

திருத்தங்கல் கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இங்கேதான் விடிகிறது. எட்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்குமேல் பட்டாசுக் கம்பெனியார் சரக்கை வெடித்துப் பார்க்கத் தொடங்கினால் கண்மாயில் ஒரு பறவை மிஞ்சாது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். மாதம் ஒரு சுருள். பறக்கும் பறவையை அவர் எடுப்பதில்லை. "இந்தப் பெட்டிக்கு ஓட்டம் புடிக்காது. வெறும் புகைதான் விழும்."

மற்ற நாட்களில் சிவகாசி அச்சகம் ஒன்றின் இருட்டறையில் இருப்பார். ஓவியர்கள் எழுதித் தரும் தீப்பெட்டி லேபிள்களைப் பெரிய கேமராவில் படமெடுத்து அச்சுத் தகட்டுக்கு அனுப்புவது வேலை. படம் கழுவும் மருந்து பட்டு நகங்களெல்லாம் கறுத்துவிட்டன. "அங்கன புலி, யானை, லட்சுமி எல்லாம் ஆணியடிச்சாப்புல நிக்கும். அதுல என்ன இருக்கு?"

போன வருஷம் ஒரு கொக்குக்காக மூன்று ஞாயிறு காத்திருந்தார். ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொண்டு, மறுகாலில் நின்றது அது. நிழல் தண்ணீரில் கோடு போட்டதுபோல் விழுந்திருந்தது. பதினெட்டு வருஷ வேலையில் முதலாளியிடம் எதுவும் கேட்டதில்லை. அந்தப் படத்தோடு போய் நின்றார். இதை ஒரு லேபிளாகப் போட முடியுமா?

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இன்னொரு கால் எங்கலே?"

"மடக்கி வச்சிருக்கு மொதலாளி."

"எனக்குத் தெரியுது. கடையில நிக்கிறவனுக்கு நீ போயிச் சொல்லுவியா? நொண்டிக் கொக்கு ஒண்ணு குடுன்னு கேப்பான். அந்தப் பேரே நெலச்சுப் போகும்."

அவர் சொன்னதும் சரிதான். தீப்பெட்டியை யாரும் கம்பெனிப் பேர் சொல்லி வாங்குவதில்லை. படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

ஓவியர் கனகசபாபதி படத்தைப் பார்த்து வண்ணத்தில் எழுதினார். அலகு, கழுத்தின் வளைவு, தண்ணீரில் விழுந்த நிழல் எல்லாம் அப்படியே. கால் மட்டும் ஒன்று கூடுதல். "போகுதுண்ணே, இருந்துட்டுப் போகட்டும்" என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தகட்டுக்குப் படமெடுக்க வேண்டியவர் சங்கிலிமுத்துதான்.

"ஆணியடிச்சாப்புல நின்ன படம்" என்றார் என்னிடம். "அது அன்னைக்கு மொதத் தடவ கலங்கித்தான் விழுந்துச்சு. ரெண்டு தடவ எடுத்தேன்."

அவர் மனைவி வீரலட்சுமி தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவர். ஒரு நாள் சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாராம்: "இன்னைக்குப் பூரா உங்க கொக்கைத்தான் ஒட்டுனேன். ரெண்டு காலையும் ஊனி எம்புட்டு லட்சணமா நிக்குது! நீங்க எடுத்ததுல நொண்டியால்ல இருந்துச்சு." இவர் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

சரக்கு நன்றாகப் போகிறது. கோவில்பட்டிக் கடைகளில்கூட 'கொக்குப் பெட்டி' என்று கேட்கிறார்கள்.

எருமை கரையேறுகிறது. பின்னாலேயே சங்கிலிமுத்தும் வருகிறார்.

"கிடைச்சுதா?" என்று கேட்கிறேன்.

"ஒண்ணு தட்டியிருக்கேன். கழுவுனாத்தான் தெரியும்."

வேட்டி மடிப்பிலிருந்து பீடியை எடுக்கிறார். பிறகு தீப்பெட்டி. கொக்குப் பெட்டிதான்.

"உங்க கொக்கு ஊரெல்லாம் பறக்குதே" என்கிறேன்.

"கொக்கு நம்மளதுதான்" என்கிறார்.

நாரணாபுரம் பக்கம் முதல் வெடி கேட்கிறது. கண்மாய் முழுக்க இறகடிப்பு. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று குச்சியை உரசுகிறார். தீப்பெட்டியைப் பிடித்த இடது கையின் கட்டைவிரல், கறுத்த நகத்தோடு, படத்தின் கீழ்ப்பாதியில் அந்த இரண்டாவது காலை மட்டும் மறைத்துக்கொண்டிருக்கிறது.