பின்வாசல் சோடா

என் வீட்டுக்காரர் தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தைத் திண்டுக்கல்லில் அப்படித்தான் சொல்வோம். அவருக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, முடி கழன்றதும் வெளியே இழுக்க வேண்டும். முழங்கை வரை சுண்ணாம்பு. சில வருஷத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் ஆரம்பம். ஒரு விரல் கறுத்துப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"சுண்ணாம்புல கை வைக்காம இருந்தா ஆறும். வச்சா இந்த வெரல் போயிரும். அப்புறம் அடுத்தது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குக் கடுதாசி போட்டேன்.

என் அண்ணன் வத்தலக்குண்டில் சோடா கம்பெனி வைத்திருந்தார். புது மிஷின் வாங்கியிருந்தார். விஷயம் தெரிந்ததும் பழைய மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். "கடை கிடையெல்லாம் பிடிக்காதீங்க. வீட்லயே போடுங்க" என்றார். முன்னறைத் தரையைத் தோண்டி, போல்ட் நிறுத்தி, சிமெண்ட் பூசினோம். மிஷின் ஆடினால் பாட்டில் வெடிக்கும் என்றார். காஸ் சிலிண்டர் மூலையில் நின்றது. அன்றிலிருந்து படுக்கை அடுப்படியில்.

தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரும்புக் கூண்டில் மாட்டி, காஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கூண்டு தலைகீழாகப் புரளும். காஸ் தண்ணீரில் கலக்கும். பாட்டில் கழுத்தில் இருக்கிற கோலிக்குண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும். வெடித்தால் கண்ணாடி தெறிக்காமல் இருக்க மேலே நனைந்த சாக்கு. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் சுற்றுவார். பாட்டில் கழுவுவதும் தண்ணீர் நிரப்புவதும் நான்.

தோல்ஷாப் மேஸ்திரி நல்ல மனுஷர். "போயி ஒடம்பப் பாரு. பக்ரீத் கழிஞ்சா தோலு மலையாக் குவியும். அப்ப வந்துரு. ஒன் எடத்த வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். பக்ரீதுக்கு நாலு மாசம் இருந்தது. அதற்குள் சோடா ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவர் குழிக்குத்தான் போவார்.

சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். அப்படியே திரும்பி வந்தார்.

"என்னங்க?"

"தோல்ஷாப் சோடாவான்னு கேக்குறாங்க. குடிச்சா ஆட்டு வாடை அடிக்குமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. கையப் பாத்துட்டுத்தான கேக்குறாங்க."

மறுநாள் வேறு தெரு. அங்கேயும் அதே கதை. திரும்பிய பாட்டில்கள் முன்னறையில் வரிசையாக நின்றன.

தண்ணீர் வேறு தகராறு. எங்கள் கிணறு உப்பு. சோடாவுக்கு நல்ல தண்ணீர்தான் ஆகும். அது காலையில் தெருக் குழாயில் செத்த நேரம்தான் வரும். நான் குடத்துக்கு மேல் குடம் வைத்தேன். எதிர்வீட்டு மாமி என் குடத்தைக் காலால் தள்ளினார்.

"ஏய், நிப்பாட்டு. ஊருக்கெல்லாம் காஸ் அடிக்க எங்க வீட்டு ஒலைத் தண்ணிதான் கெடச்சுதா?"

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா. "காத்த அடச்சு விக்கிறவளுக்குத் தண்ணி எதுக்கு மாமி? காத்தையே வித்துட்டுப் போறது!"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சண்டை போட வராது. "ஒரு கொடம் விடுங்க. மத்தியானம் வந்து ஒரு சோடா குடிச்சுக்கங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"யாரு, நானா?" என்றார் மாமி.

"நீங்கதான்."

"ஒத்தக் கொடத்துக்கா?"

"ஒத்தக் கொடத்துக்கு."

மாமிக்குப் பேரப்பிள்ளை இருந்தது. அந்த வயசு வரை மாமி சோடா பாட்டிலைக் கையில் பிடித்ததில்லை. நானும்கூட மிஷின் வந்த பிறகுதான். கடையில் நின்று குடிப்பது ஆம்பளைகள் காரியம். வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் தம்ளரில் ஊற்றி வாங்கி வருவார்கள். வந்து சேரும்போது காஸ் போய் வெறும் தண்ணீராக இருக்கும்.

மத்தியானம் தலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாமி பின்வாசலில் வந்து நின்றார். பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர்.

"கட்டை வெரல வச்சு கோலிய அமுக்குங்க மாமி."

"அமுக்கத்தாண்டி செய்றேன். அது என்னையத் திருப்பி அமுக்குது."

பட்டென்று உள்ளே இறங்கியது. முகமெல்லாம் தண்ணீர். மாமி துடைக்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பாட்டிலைக் குடித்தார். பிறகு ஒரு ஏப்பம் விட்டார். முன்னறையில் மிஷின் நின்றுவிட்டது. "யா அல்லா" என்று மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலங்க, நீங்க சுத்துங்க" என்று முன்னறைப் பக்கம் திரும்பி என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.

"அடி பாவிகளா, இம்புட்டு நாளா இந்தச் சொகத்த ஆம்பளைங்களே வச்சுக்கிட்டாங்களே!" என்றார் மாமி.

அதிலிருந்து குழாயடியில் சண்டை இல்லை. வீட்டுக்கு ஒரு குடம் எனக்கு விட்டார்கள். மத்தியானம் பின்வாசலில் ஆளுக்கு ஒரு பாட்டில். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் விற்பனை இல்லையே. நாள் போய்க்கொண்டிருந்தது.

வெறும் சோடா அவர்களுக்குச் சலித்துவிட்டது. "எனக்கு நெஞ்சு கரிக்குது, இஞ்சி தட்டிப் போடேன்" என்பார் ஒருவர். "சூடு, நன்னாரி போடு" என்பாள் ஒருத்தி. சிறுமலை நன்னாரி வேரை வாங்கி, தட்டிக் கொதிக்க வைத்துப் பாகு எடுத்தேன். சீனி குறைத்துப் போட்டேன். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து ஒன்று. சீரகம் கொதித்து ஆறிய தண்ணீரில் காஸ் ஏற்றி ஒன்று. பிள்ளை உண்டானவர்களுக்கு அதுதான் பிடித்தது.

மோரிலும் காஸ் ஏற்றிப் பார்த்தேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தது என் தப்பு. கோலியை அமுக்கியதும் மோர் கூரை ஓடு வரை பீய்ச்சியது. கறிவேப்பிலை அவள் புருவத்தில் ஒட்டியிருந்தது. "குடிக்கச் சொன்னியா, குளிக்கச் சொன்னியா?" என்றாள். மோரைச் சொம்பிலேயே கொடுப்பது என்று முடிவானது.

கலர் மட்டும் போடவில்லை. அண்ணன் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடி கொடுத்திருந்தார். முதல் நாள் கலக்கியபோது கையில் பட்ட சிவப்பு, சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கையிலேயே போகாதது வயிற்றில் போய் என்ன செய்யுமோ. பொடியைத் தூக்கிப் போட்டேன். என் மகள் சிவப்புக் கலர்தான் வேண்டும் என்று அழுதாள். இரண்டு நாள் அழுதுவிட்டு நன்னாரியைக் குடித்தாள்.

மாமி வீட்டில் நிக்காஹ் வந்தது. பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சா சமையல் கட்டில் வந்து இறங்கிவிட்டது. ஆம்பளைகள் பந்திக்குப் பஜார் கம்பெனியின் கலர் சோடா. மாமி வந்து, "பொம்பளைங்க பந்திக்கு ஒன் சோடாதான். அது ஏம் பாடு" என்றார்.

"வீட்டு ஆம்பளைங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா மாமி?"

"பொம்பளைங்க பக்கம் என்ன போகுதுன்னு என்னைக்குடி அவங்க பாத்தாங்க?"

அவரும் நானும் விடிய விடியச் சுற்றினோம். பெட்டிகள் மாமி வீட்டுக் கொல்லை வழியாகவே போயின. பிரியாணி முடிந்தது. பெண்கள் பக்கம் பட்டு பட்டென்று கோலி இறங்குகிற சத்தம், கூடவே சிரிப்பு. ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்.

"அங்க என்னத்தக் குடிக்கிறீங்க?"

"இஞ்சி சோடா."

"இங்க தித்திப்பக் குடிச்சுட்டு நெஞ்சுலயே நிக்குது. அதுல ரெண்டு அனுப்புங்க."

ரெண்டு போனது. பிறகு ஒரு பெட்டி போனது. யார் சோடா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. குடித்த பிறகுதான் கேட்டார்கள். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் பந்தியில் இருந்தார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். முன்வாசலில்.

"எங் கடைக்குத் தெனமும் இஞ்சி வேணும். போடுவியா தம்பி?" என்றார். என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு கடைகளும் கேட்டன. ஓகோ என்று சொல்ல மாட்டேன். அடுப்பு எரிந்தது. கை ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் தோல்ஷாப் கூலி இதைவிடக் கூட. பக்ரீத் நெருங்க நெருங்க நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கேட்கவும் பயம்.

பக்ரீத் முடிந்து மூன்றாம் நாள் மேஸ்திரி வந்தார். இவர் மிஷினில் நின்றார். நான் அடுப்படியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

"வண்டி வண்டியா எறங்குதுப்பா. குழிக்கு ஆள் பத்தல. நாளைக்கு வந்துரு" என்றார் மேஸ்திரி.

கைப்பிடி சுற்றுகிற சத்தம் நிற்கவில்லை. நான் இஞ்சி தட்டுவதை நிறுத்திவிட்டேன். சுற்றி முடித்து, காஸை மூடி, ஒரு பாட்டிலை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுத்தான் இவர் பேசினார்.

"எம் எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கங்கண்ணே."

"நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிச்சுட்டேன்."

"கூலி கூட்டித் தரச் சொல்றேன்."

"வேணாண்ணே."

மேஸ்திரி குடித்தார். நான் மறுபடி தட்ட ஆரம்பித்தேன். இஞ்சி ஏற்கெனவே நைந்து போயிருந்தது.

"உப்பும் கெடக்கு போல இதுல" என்றார் மேஸ்திரி. "வேர்வைக்கு நல்லதுதான். வேற ஆளு வரட்டும். நீ நாளைக்கு ரெண்டு பெட்டி கொண்டாந்து போடு. வெயில்ல நிக்கிறானுக."

மறுநாள் அவர் தோல்ஷாப்புக்குப் போனார். சைக்கிளில் முன்னும் பின்னும் பெட்டி. சாயங்காலம் காலிப் பாட்டிலோடு வந்தார். எல்லாப் பாட்டிலிலும் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம். சுண்ணாம்பு. அவர் கழுவ உட்கார்ந்தார். நான் தொட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.