தொட்டாற்சுருங்கி சொல்லாத சாட்சி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் வைத்த காலை அவர் எடுத்ததேயில்லை. வாயையும் மூடியதில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய்ப் பாட்டுக்குழுவில் உருகி உருகிப் பாடுவார். திங்கட்கிழமை அதே தொண்டையால் கற்றுக்கொள்ள வந்தவர்களை வறுத்தெடுப்பார்.

அப்போது அவரிடம் மாட்டியிருந்தவர், ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. அதே சபைதான். ஒருநாள் காட்டோரச் சாலையில் வளைவு வந்தது, நர்ஸம்மா வளையவில்லை. மாஸ்டர் மிதித்த மிதியில் கார் எப்படியோ புதருக்குள் போய் நின்றது. தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, படபடப்பு அடங்க இறங்கிப்போய் மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார். கை ஊன்றிய இடத்தில் ஒரு தொட்டாற்சுருங்கி. இலைகள் ஜோடி ஜோடியாகக் கை கூப்பின. காம்பு தலை குனிந்தது.

மாஸ்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆண்டவர் கை பட்டால் மனுஷனும் இப்படித்தானே குனியணும் என்று தோன்றியது. அந்த ஞாயிறு சபையில் எல்லார் முன்னும் நின்று, ஆண்டவர் தனக்கு உணர்த்தியதைச் சாட்சியாகச் சொல்வது அவர் முறை. என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நர்ஸம்மா காரைப் பின்னால் எடுக்கப் போராடிக்கொண்டிருக்க, இவர் பயபக்தியோடு செடியை வேரோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அதைப் பழைய பெயின்ட் டப்பாவில் நட்டார். மனைவி தொட்டுப் பார்த்தாள். மச்சான் தொட்டுப் பார்த்தான். ஞாயிறன்று ஆலய வாசலில் பாட்டுக்குழு மொத்தமும் தொட்டது. போதகர்கூட ஒரு விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டர் டப்பாவோடு சபைக்கு முன்னால் போய் நின்று, நீட்டி முழக்கி விளக்கம் சொல்லி, "இப்பப் பாருங்க" என்று இலையைத் தொட்டார். செடி அசையவில்லை. தட்டினார். டப்பாவையே உலுக்கினார். இலைகள் விறைப்பாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் வரிசையிலிருந்து நர்ஸம்மா எழுந்தார். "சும்மா சும்மா தொட்டா அதுக்கும் பழகிடும் மாஸ்டர். முதல்லெல்லாம் நீங்க கத்தினா நானும் சுருங்கிப்போவேன். இப்ப காதுலயே விழறதில்ல."

ஆலயமே சிரித்தது. மனைவியின் சிரிப்புதான் கடைசியாக அடங்கியது. மாஸ்டர் செடியைப் பார்த்தார், நர்ஸம்மாவைப் பார்த்தார். எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்த மிச்சப் பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று.

"அப்ப ஆண்டவர் கை எப்பவாவதுதான், அதுவும் மெதுவாத்தான் படும்போல," என்றார். "அத நான் யோசிக்கல." சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் இதுவரை பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று போதகர் பிறகு சொன்னாராம்.

மறுநாள் பயிற்சியில் நர்ஸம்மா ஒரு தபால்பெட்டியை உரசாத குறையாகக் கடந்தார். பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, மடியில் இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், ஜெபம் பண்றீங்களா?"

"ஆமாம்மா. நீங்க ரோட்டைப் பாருங்க."