டாக்டரிடம் பேசத் தெரிந்தவள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஊசிக்கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டையில் எங்கே ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் பார்வைக்குத் தப்பாது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை பதில் சொல்ல வேண்டுமென்று, வேலை முடிந்ததும் கேன்டீனிலேயே ஆங்கில வகுப்பு வைத்தார்கள். முதலில் முணுமுணுத்தவர்களில் அவளும் ஒருத்தி. போகப் போக ருசி கண்டுவிட்டாள்.

அன்றைக்குப் பாடம், சிக்கலான நேரத்தில் முடிவு செய்வதைப் பற்றிப் பேசுவது எப்படி என்பது.

"நாம முடிவை எடுக்கிறோம். இங்கிலீஷ்ல பெரும்பாலும் முடிவைப் பண்றாங்க. மேக் எ டிசிஷன்" என்றாள் டீச்சர். நல்லது கெட்டதைச் சீர்தூக்கிப் பார்த்தால் வே அப் தி ஆப்ஷன்ஸ். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனசு இழுத்தால் இன் டூ மைண்ட்ஸ். முடிவு பண்ணிய பிறகு தப்புப் பண்ணிவிட்டோமோ என்று உறுத்தினால் செகண்ட் தாட்ஸ்.

"எனக்கு அது கல்யாண மேடையிலேயே வந்துடுச்சு டீச்சர்" என்றாள் பட்டன் தைப்பவள். கேன்டீனே குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் ஊசிக்கண்ணுவுக்கு, அவள் வீட்டிலிருக்கும் அம்மாவைப் பார்க்க வந்திருந்த அக்காவிடமிருந்து போன். அம்மாவின் கால்விரலில் வெகுநாளாக ஆறாமலிருந்த சர்க்கரைப் புண் ஒரே நாளில் முழங்கால்வரை கறுத்துவிட்டது. காய்ச்சலில் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். டாக்டர் வேற்றுமொழிக்காரர். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே சின்னவளே, நீயே பேசு" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டான்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். காலை எடுத்தால் பிழைக்கலாம். ஆனால் இதயம் பலவீனம், மயக்க மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடலாம். எடுக்காவிட்டால் ரத்தத்தில் விஷம் ஏறும், அதிக நாள் தாங்காது. டஃப் சாய்ஸ் என்றார். வே அப் என்றார். சீக்கிரம் டிசிஷன் வேண்டும் என்றார். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. புரியாமல் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது.

கூடப்பிறந்தவர்களிடம் அப்படியே சொன்னாள். அண்ணன் தரையைப் பார்த்தான். "நான் என்னத்தச் சொல்ல? நீ சொல்றதுதான்."

"அம்மா உன் வீட்லதானே இருந்தா. அவ மனசு உனக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா.

"எனக்கு வார்த்தைதான்க்கா புரியுது. வேற ஒண்ணும் புரியல."

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா பிழைத்தாள். கண் விழித்ததும் போர்வைக்கடியில் கையால் துழாவினாள். இருக்க வேண்டியது இல்லை. "யாருடி வெட்டச் சொன்னது?"

டீ வாங்கி வருகிறேன் என்று அண்ணன் நழுவினான். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தாம்மா."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு அவளுக்கு ஊசிக்கண்ணு ஊட்டினால் சோறு இறங்கவில்லை. அக்கா அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் நாளுக்கு நாள் சாப்பாடு குறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணன் சொன்னான்: "கடைசிக் காலத்துல நிம்மதியா விட்டிருக்கலாம். சின்னவதான் அவசரப்பட்டுட்டா." அவள் கணவன் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வகுப்புக்குப் போவதை விட்டாள். டீச்சர் தேடிக்கொண்டு சட்டை பார்க்கும் மேசைக்கே வந்தாள். "நல்லா வந்துட்டிருந்தீங்களே?"

"தெரிஞ்ச வரைக்கும் போதும் டீச்சர்."

வெட்டாமல் விட்டிருந்தால் என்ற எண்ணம் சட்டையைப் புரட்டும்போதும் வரும், பஸ்ஸில் நிற்கும்போதும் வரும். இங்கிலீஷில் அதை இரண்டாவது நினைப்பு என்கிறார்கள். அவளுக்கு அது எத்தனையாவதோ.

மறு வருஷம் அக்கா வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. "அதே ஆஸ்பத்திரிதான்டி. நீ வந்து டாக்டர்கிட்ட பேசேன்" என்று போனில் அக்கா கதறினாள்.

"போகாதே. பட்டது போதாதா?" என்றான் கணவன். அவள் போனாள்.

டாக்டர் சொன்னதை ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கலாம், பேச்சும் நினைவும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னடி சொல்றே? நீ சொன்னாச் சரி."

ஊசிக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் சொல்றேன்க்கா, கேளு. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். ஆனா பதில் நீதான் சொல்லணும்."

அக்கா அழுதுகொண்டே இருந்தாள். டாக்டர் காத்திருந்தார்.