நெஞ்சில் தண்ணி

பதுளை ஆஸ்பத்திரி வார்டில்தான் அந்த டொக்டரம்மாவைப் பார்த்தேன். நிபுணத்துவப் பயிற்சியில் இருந்த இளம் டொக்டர்களுக்கு, கட்டிலருகிலேயே ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நரைத்த கொண்டை. ஸ்கேன் கருவியை யார்மேல் வைப்பதானாலும் முதலில் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவார்.

என் மகன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். திரையைப் பார்த்த இளம் சிங்கள டொக்டர் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, மகனுக்குத் தண்ணி இருக்கு" என்றார்.

"சாமி சத்தியமா எம்புள்ள தண்ணியத் தொடமாட்டானுங்க!" என்று அழுதுவிட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டொக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே அந்த இளைஞரிடம், "தேயிலைத் தோட்டத்துல தண்ணின்னா சாராயமும்தான். திரைய அம்மா பக்கம் திருப்புங்க, பெறகு பேசுங்க" என்றார். என் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தார்.

"இந்தக் கறுப்புதான் நீர். நுரையீரலச் சுத்தி நிக்குது, எடுத்துரலாம். இங்க துடிக்குது பாருங்க, அது இதயம்."

எடுத்தார்கள். மகன் பிழைத்தான். இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். போனில் இருமல் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். உடனே என் மனம் அந்த டொக்டரம்மாவைத் தேடுகிறது. எந்த ஊரில், யாருடைய கட்டிலருகே நிற்கிறாரோ.