என் சாவுக்கு மேளம் அடித்த கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செத்துப்போனேன்.

பதறாதீர்கள். வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

என் மருமகள் செல்வி அட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர். இந்த வருடம் அவளுடைய பேண்ட் பிள்ளைகள் போட்டியில் தப்பு மேளத்தின் திருவிழா அடியை வாசிக்கப் போகிறார்கள். டிரம்பெட்டுக்கு நடுவில் நம் தேயிலைத் தோட்டத்து மேளம்! அதுதான் அவளுடைய ஒரே கனவு. ஆனால் காகிதத்தில் நோட்ஸ் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு வாசிக்க வரும். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். எழுத ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். எதை எடுப்பது?

புடவைக் கடையில்கூட அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. ஒன்று ச, ரி, க, ம மட்டும் எழுதும் — மேளத்துக்கு ஏது ச, ரி? இன்னொன்று போனிலேயே ஓடும், சும்மா கிடைக்கும். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாதிரி இருக்கு மாமி" என்று ஒதுக்கிவிட்டாள். மூன்றாவது கொழும்பு சிநேகிதி சொன்னது. நூறு வாத்தியம் ஒன்றாக வாசிக்குமாம். திறந்தாலே அவளுடைய பழைய லேப்டாப் ஏற்றத்தில் போகிற பஸ் மாதிரி முனகும். அதைத்தான் எடுத்தாள்.

"நூறு வாத்தியம் எதுக்கும்மா? ஒன் பேண்டுல எத்தன பேரு?"

"பன்னெண்டு பேரு மாமி."

"அப்ப மிச்சத்த நானா ஊதணும்?"

ஞாயிறு காலை எழுதி முடித்து, ஸ்பீக்கரை மாட்டிப் போட்டாள். மேளக்கார முத்தையா அடித்துக் காட்டியது ஒன்றும் விடுபடவில்லை. வேகத்தை மட்டும் சாஃப்ட்வேர் தானாக வைத்துக்கொண்டது. மெல்ல... மெல்ல... எங்கள் தோட்டத்தில் இப்படி இழுத்து அடித்தால் ஒரே அர்த்தம்தான். சாவு!

வேகத்தை மாற்றுகிற இடத்தைத் தேடினாள். மெனுவுக்குள் மெனு. மேளமோ நிற்கவில்லை.

லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. யாரைத் தேடி வருவார்கள்? லயத்திலேயே வயது கூடியவள் நான்தானே! பக்கத்து வீட்டுப் பார்வதி தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அக்கா, போயிட்டீங்களே!"

"போகலடி. டீ ஆறுது, குடிச்சிட்டுப் போறேன்."

பின்னாலேயே முத்தையா, தோளில் மேளத்தோடு. முகமெல்லாம் கோபம்.

"நான் ஒருத்தன் இருக்கையில வெளியாள வச்சா அடிக்கிறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். காது கொடுத்துக் கேட்டார். "அடி எல்லாம் என்னோடதுதான் டீச்சர். ஆனா இந்த வேகத்துல போட்டியில அடிச்சா, பரிசு குடுக்க வந்தவரப் பாடையில வச்சுத் தூக்கிருவாங்க!"

செல்வி முகம் வாடிவிட்டது. விடிந்தால் திங்கள். போனை எடுத்து, ஒதுக்கி வைத்த சும்மா சாஃப்ட்வேரில் மறுபடி எழுதினாள். அதில் வேகம் மேலேயே இருந்தது. விரலால் தள்ளினால் போதும்.

"இன்னும் கொஞ்சம் டீச்சர்... இன்னும்... ஆங், அதேதான்!" முத்தையாவின் கால் தானாக ஆடியது. திங்கட்கிழமை பிள்ளைகள் கையில் காகிதம் இருந்தது.

எது பெரியது என்று கேட்டுத்தான் எடுக்கிறோம். நமக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோமா? கொழுந்தெடுக்கப் போகிறவள் முதுகில் லொறியைக் கட்டினால் மலை ஏற முடியுமா?

பார்வதிக்குத்தான் ஆறவில்லை. "அழுததெல்லாம் வீணாப் போச்சே அக்கா!"

"வீணில்லடி. நான் நெசமா போற அன்னைக்கி ஒனக்கு லீவு!"