அக்கா வீட்டு ரோஸ் மருந்து

என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தபோது நான் முதலில் பழி போட்டது அவள் வளர்த்த பூனையின் மேல். அவள் அழ அழப் பிடுங்கி, அம்பூரியில் தெரிந்தவர்கள் வீட்டில் கொண்டுவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பூனை போயும் இரைப்பு போகவில்லை.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் வேறொன்றைக் கேட்டார். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து எத்தனை தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்? எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று உடம்பைச் சிறு வயதில் பழக்குவதில் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டாம். அந்த மருந்து அடிக்கடி உள்ளே போனால் அவையும் சேர்ந்து அழியும். அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் அலர்ஜி ஆஸ்துமா கூடுதலாகக் காணப்படுகிறது, ஆனாலும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

“ஒரு தடவகூட குடுத்ததில்ல டாக்டர்,” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மடியில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “பெரியம்மைக்க ஃபிரிட்ஜுல ரோஸ் மருந்து உண்டு. நல்ல இனிப்பாக்கும். அம்மைட்ட சொல்லண்டாம்ணு பெரியம்மை சொன்னா.”

பெரியம்மை என்றால் என் கூடப்பிறந்த அக்கா. ஆறு மாதப் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுத்தான் காட்டாக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். காய்ச்சல் வந்தால் இரண்டே நாளில் விட்டுவிடும். அக்காவுக்குக் கைராசி என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

பஸ் இறங்கி நேராக அவள் வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தால், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் பாதி பாட்டில் ஆன்டிபயாட்டிக் இருந்தது.

“இங்க டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டானுவ. அதான் களியக்காவிளையில போய் வாங்கினேன்,” என்றாள் அக்கா. “பிள்ளைக்குக் காய்ச்சல்ணா லீவு கெடைக்காதுண்ணு நீதான மக்கா அழுதே? ஒனக்காகவாக்கும் செய்தேன்.”

“எத்தன தடவ குடுத்த?”

“அதெல்லாம் ஆரு எண்ணினா?”

மாநில எல்லை தாண்டிப் போய் வாங்கத் தெரிந்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. அதை விடவும், என்னிடம் மறைக்க என் பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வேலையை விட முடியவில்லை. மகள் இப்போதும் பகலில் அங்கேதான் இருக்கிறாள். இன்ஹேலரை அக்கா மணி தவறாமல் கொடுக்கிறாள். சாயங்காலம் கூட்டிவரப் போனால் முதலில் அடுக்களைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து தட்டுத் தட்டாகத் துழாவுவேன். அக்கா கதவோரம் நின்று பார்ப்பாள்.

நேற்றும் அப்படித்தான் துழாவிக்கொண்டிருந்தேன். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மே, பெரியம்மையையும் அம்பூரிக்கு அனுப்பிருவியா?”